பூசணி பேரில் ஒரு பைபாட்

"ஹலோ... ஹலோ, கேக்குதுங்களா? ... இப்போ? ... இருங்க, இன்னும் கொஞ்சம் மேல ஏறிக்கிறேன். ... ஆங், இப்போ சரி. துப்பாக்கிச் சாமான் கடைதானே? ... ஆமா, ஆமா. பேப்பர்ல விளம்பரம் பாத்தேன். ஒண்ணு விசாரிக்கணும். விசாரிக்க மட்டுந்தான்."

நோல்டி கெர்பர் ஒரு உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை வைத்து, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அறுபத்தாறு வயதுக்காரர் செய்கிற காரியம் இல்லை. ஆனால் வீட்டுக்கு அடியில் இருக்கிற பதுங்கறையில் நின்று செல்போனில் பேச வேண்டுமானால் வேறு வழி கிடையாது. போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று ஓபர்பாக் கிராமத்தில் எல்லா வீட்டுக்கு அடியிலும் கட்டி வைத்த கான்கிரீட் அறை அது. போர் வரவில்லை. அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடிகளும் மத்தி மீன் டப்பாக்களும் நோல்டியின் கராபைன் துப்பாக்கியும் வந்து குடியேறிவிட்டன. கூரையை ஒட்டி ஒரு காற்றுக்குழாய் வெளியே போகிறது. அதன் வாய்க்குள் கிட்டத்தட்ட தலையை நுழைத்தால் சிக்னல் ஒரே ஒரு கோடு எழும்பும்.

மேலே சமையலறையில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சமையலறை என்றால் மனைவி த்ரூடியும் இருப்பாள். த்ரூடி காதில் விழுந்தால் பக்கத்து வீட்டுக் கிளேரி காதில் விழும். கிளேரி ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் செயலாளர். அவள் காதில் விழுந்தது எதுவும் கூட்ட நோட்டில் ஏறாமல் இருந்ததில்லை. அதனால்தான் நோல்டி இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் குழாய்க்குள் பேசுகிறார். குழாயின் அந்தப் பக்கம் எங்கே போய் முடிகிறது என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம். அவர் வீட்டுத் தோட்டத்தில், கேரட் பாத்திக்கு நடுவில் முடிகிறது. அந்த அக்டோபர் மத்தியானம் த்ரூடியும் கிளேரியும் அங்கேதான் உட்கார்ந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பைபாட் வேணும். துப்பாக்கிக்கு முன்னாடி மாட்டுறது, ரெண்டு காலு... ஆமா, அதான். ... இல்ல இல்ல, எனக்கில்ல. எனக்கெதுக்கு? எனக்கு ரெண்டு கையும் இரும்பு. ஒரு சிநேகிதருக்கு. ... வயசா? அறுபத்தாறு. ... அவருதான் கேக்கணும், ஆனா கூச்ச சுபாவம். ... என் பேரா?"

போனை எடுத்தால் முதலில் குடும்பப் பேரைச் சொல்வது அந்த ஊர் வழக்கம். சொல்லாதவனைத் திருடன் மாதிரி பார்ப்பார்கள். கடைக்காரரும் எடுத்ததும் தன் பேரைச் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் நோல்டி அதற்கே கால் மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். இன்றைக்குத் தனக்கே பேர் சொல்கிற எண்ணம் இல்லாததால் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் பொய்ப் பேர் ஒன்றை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. கண் எதிரே தட்டில் இருந்த ஜாடியில் த்ரூடியின் குண்டு குண்டான கையெழுத்தில் 'க்யூர்பிஸ்', அதாவது பூசணி, என்று எழுதியிருந்தது.

"க்யூர்பிஸ். ... ஆமாங்க, பூசணிதான். ... ஏன், இருக்கக் கூடாதா? எங்க அப்பாவும் பூசணிதான். ... தாத்தாவும்தான், பரம்பரையா பூசணி. ... சரி, துப்பாக்கி விஷயத்துக்கு வருவமா?"

அப்போது போனுக்குள் ஒரு மணி அடித்தது. கடைக்குள் யாரோ நுழைந்திருக்க வேண்டும். கணீரென்று இல்லை, லொடக் லொடக்கென்று ஓட்டைத் தகரம் மாதிரி.

"என்னங்க அது, கடையில ஆடு வளக்குறீங்களா? ... ஓ, கதவுக்கு மாட்டினதா. ... ஒரு நல்ல மணியா மாட்டக் கூடாதா? காது கூசுது. ... சரி சரி, உங்க கடை, உங்க மணி. ... துப்பாக்கியா? கராபைன். பழைய முப்பத்தொண்ணாம் வருஷத்து மாடல். எங்க அப்பா வச்சிருந்தது... அதாவது அவரோட அப்பா. ... ஆமா, ரெண்டு பேரோட அப்பாவும் வச்சிருந்தாங்க. அந்தக் காலத்துல யார் வீட்டுல இல்ல?"

துப்பாக்கி அவர் காலடியில், சாக்குப்பையின் மேல் படுத்திருந்தது. அதன் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளுகிற இரும்புத் துண்டை, கழற்றி முறைப்படி தனியே, மாடியில் த்ரூடியின் மேஜைவிரிப்புகளுக்கு நடுவில் வைத்திருந்தார். விதி என்றால் நோல்டிக்கு உயிர். தெருவில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஆள். இந்தக் குணம் இந்தக் கதைக்கு அவசியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

"ஓட்டையா? மரத்துலயா? ... ஏங்க, அது வால்நட் மரம். எங்க அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைச்ச மரம். அதுல ஸ்க்ரூ போடுறதா? ... ஆமா, அவரோட அப்பா. அவரோட அப்பாதான் துடைச்சாரு. ... வேற வழி? ... முன்னாடி கத்தி மாட்டுற கொக்கி இருக்கு, ஆமா. ... அதுலயே கவ்விக்குமா? ஓட்டை இல்லாம? ... ஆங், அது. அது சொல்லுங்க. ... கழட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ... இல்ல, யாராவது வந்துட்டா சட்டுனு கழட்டி பாக்கெட்ல போட்டுக்கணும். ... யாரா? யாராவதுதான். ... திருட்டுத் துப்பாக்கி இல்லீங்க, திருட்டுக் காலு."

அடுத்ததாக உயரம். அங்கேதான் நோல்டி மாட்டிக்கொண்டார்.

"தரையில இருந்தா? ... படுத்துப் பாத்துதான் சொல்லணும். ... அவரு இங்கதான் இருக்காரு. பக்கத்துலயே. ... இல்ல, போன்ல பேச மாட்டாரு, அதான் சொன்னேனே, கூச்சம். ... ஒரு நிமிஷம் வச்சிருங்க. வச்சிராதீங்க, அதாவது, கட் பண்ணிராதீங்க."

போனைக் குழாயின் விளிம்பில் சாத்தி வைத்துவிட்டு, பெட்டிகளிலிருந்து இறங்கி, சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தார். வலது கையால் கராபைனைத் தோளில் அணைத்து, முன்பக்கத்தை எதன் மேல் வைத்தால் கண்ணுக்கு நேராக வருகிறது என்று பார்த்தார். பூசணி ஜாடியைப் படுக்கப் போட்டு வைத்தார், உருண்டது. நிறுத்தி வைத்தார், தாழ்ந்தது. அதன் மேல் ஒரு மத்தி டப்பா, அப்புறம் இன்னொன்று. சரியாக வந்தது. எழுந்தபோது இடது முழங்கை சுருக்கென்று இழுத்தது. 'ஐயோ' என்று அவர் சொன்னது கேரட் பாத்தி வரைக்கும் போனது.

"ஹலோ, இருக்கீங்களா? ... ஒரு பூசணி ஜாடி, அதுக்கு மேல ரெண்டு மத்தி மீன் டப்பா. ... சென்டிமீட்டரா? ... அளவுநாடா மேல தையல் பெட்டியில இருக்கு. அங்க போக முடியாது. ... போக முடியாதுன்னா போக முடியாது. ... இருங்க, டப்பாவுல ஏதோ போட்டிருக்கு. ... மொத்தமா இருபத்திரண்டு இருக்கும். ... மூச்சை இழுத்தா, விட்டா? அது ஏன் கேக்குறீங்க? ... வயிறா? ... அவருக்குத் தொப்பை எல்லாம் கிடையாது. ... இழுத்துத்தான். ... விட்டா இருபத்தஞ்சு, இருபத்தாறு வரும். ... சரி, இருபத்தாறுன்னே போட்டுக்குங்க. நீங்க டாக்டரை விட மோசமா கேள்வி கேக்குறீங்க."

பைபாடுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கிற தலை எதற்கு என்று நோல்டி முதலில் சண்டை போட்டார். துப்பாக்கி நேராக நிற்கத்தானே கால் வாங்குகிறோம், அப்புறம் அது ஏன் சாய வேண்டும் என்பது அவர் வாதம். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, படுக்கிற ஆளே ஒரு பக்கமாகத்தான் படுப்பார், இடது முழங்கையில் தேய்மானம், அந்தப் பக்கம் பாரம் ஏற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சிநேகிதரின் முழங்கைக்காக இவ்வளவு வருத்தப்படுகிற ஆளை எங்கும் பார்க்க முடியாது.

"பாதமா? அதுலயுமா ரெண்டு வகை? ... ரப்பர் ஒண்ணு, ஆணி ஒண்ணு. ... எந்தத் தரைன்னா..."

ஓபர்பாக் சுடுகூடத்தில் பலகைத் தரை. சுற்றுவட்டாரத்தில் இன்னும் பலகை போட்ட கூடம் அது ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். பலகை என்று சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் பூசணி உடைந்துவிடும்.

"புல்லு. ... ஆமா, புல்தரை. பச்சைப் புல்லு. ... அப்போ ஆணியா? சரி, ஆணியே போடுங்க. ... கலர் என்ன இருக்கு? ... கறுப்பு மட்டுந்தானா? மர நிறத்துல இல்லையா? தூரத்துல இருந்து பாத்தா தெரியக் கூடாது. ... குறிப்பலகைக்கா? இல்லீங்க, குறிப்பலகைக்குத் தெரிஞ்சா எனக்கென்ன. ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது. ... கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒண்ணும் இன்னும் வரலையா? ... சிரிக்காதீங்க. எத்தனையோ கண்டுபிடிக்கிறாங்க."

விசாரிக்க மட்டுமே வந்தவர் அதற்குள் பின்கட்டைக்கு அடியில் வைக்கிற சின்ன மூட்டை ஒன்று, மணலுக்குப் பதில் மிளகு அளவு ரப்பர் உருண்டை நிரப்பியது, முழங்கைக்குத் திண்டு ஒன்று, சுருட்டுகிற பாய் ஒன்று, தோட்டா வைக்கிற மரத்தட்டு ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தார். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை ஆமா, ஆமா. மூட்டையின் விலையைக் கேட்டபோது மட்டும், அந்தக் காசுக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கி அதன் மேலேயே துப்பாக்கியை வைக்கலாமே என்றார்.

"எதுக்கு ஒளிக்கணுமா? ... அது ஒரு பெரிய கதை. ... சொல்றேன், ஆனா உங்களோட இருக்கட்டும். எங்க சங்கத்துல... அவரோட சங்கத்துல, ஒரு விதி இருக்கு. விதி பதினாலு, ஆ பிரிவு. பைபாட் வச்சு சுடுறவங்க, துப்பாக்கியில ஒரு ஆட்டு மணி கட்டிக்கிட்டுத்தான் சுடணும். ... ஆமா, ஆட்டு மணி. ... ஏன்னா, காலு முளைச்சா அது துப்பாக்கி இல்ல, ஆடு. ஆடுன்னா மணி கட்டணும். ... சட்டமா எழுதி, ஓட்டுப் போட்டு, கையெழுத்தாகி இருக்குங்க. ... யாரு கொண்டு வந்ததா? ... அது... யாரோ ஒருத்தர். ... முட்டாளா? அப்படிச் சொல்ல முடியாது. அன்னைக்கு மண்டபமே சிரிச்சுது. ... இல்ல, எல்லாரும் சிரிக்கல. அதுவும் உண்மைதான்."

அந்த யாரோ ஒருத்தர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதப் பொதுக்கூட்டத்தில், இரண்டு கிளாஸ் வெள்ளை ஒயின் உள்ளே போன தெம்பில் எழுந்து நின்று அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் சாட்சாத் நோல்டி கெர்பர். சங்கத்தில் முதல் முதலாகப் பைபாட் வாங்கி வந்தவன் எர்வின் லூத்தி. நோல்டியோடு ராணுவப் பயிற்சியில் ஒரே அறையில் கிடந்தவன், ஒரே வருஷம் கல்யாணம் செய்தவன். களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து முதுகு போய், பைபாட் இல்லாமல் படுக்க முடியாத நிலைமை. பத்தொன்பது கைகள் தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்தன, மூன்று எதிராக. நோல்டி வீட்டிலிருந்து தன் ஆடு ஃப்ளாக்கியின் மணியையே கொண்டு வந்து கொடுத்தார். குட்டியிலேயே சரிவில் உருண்டு பிழைத்த ஆடு, அப்போதே விரிசல் விட்ட மணி. எர்வின் ஒரு சீசன் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு சுட்டான். ஒவ்வொரு குண்டுக்கும் லொடக் லொடக். ஒவ்வொரு லொடக்குக்கும் ஒரு சிரிப்பு. கடைசி நாள் ஒரு வார்த்தை பேசாமல் போனவன்தான், ஊரையே விட்டுப் போய்விட்டான். சுடுகூடச் சுவரில் மணி மாட்டியிருந்த ஆணி அன்றிலிருந்து காலி.

"இப்போ அந்த மணியும் இல்ல. தொலைஞ்சு போச்சு. ... மணி இல்லேன்னா விதியும் இல்லதானேன்னு நானும் நினைச்சேன். செயலாளர் அம்மாகிட்ட சும்மா பொதுவா கேட்டுப் பாத்தேன். விதியில 'ஃப்ளாக்கியோட மணி'ன்னே எழுதியிருக்காம். அந்த மணி இல்லேன்னா பைபாடும் கிடையாதாம். ... வேற மணி கட்டுனா செல்லாது. ... ஆமா, மாத்தணும்னா பிப்ரவரி கூட்டம் வரைக்கும் காத்திருக்கணும். வர்ற சனிக்கிழமை சீசனோட கடைசிச் சுடுதல். அதான் மர நிறத்துல..."

மறுபடி மணி அடித்தது. கடைக்குள் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். லொடக், லொடக், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, ஆடு தலையைத் திருப்பிப் பார்க்கும்போது வருகிற மாதிரி.

நோல்டி போனைக் காதோடு அழுத்தினார். அந்த இழுப்பை அவர் ஒன்பது வருஷம் தினமும் காலையும் மாலையும் கேட்டிருக்கிறார். மூடுபனியில் ஆடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று அந்த விரிசலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

"அந்த மணி... உங்களுக்கு எங்க கிடைச்சுது? ... ... எர்வின்? ... ... டேய், எர்வினா? ... நீ எப்படா லூசெர்ன்காரன் ஆன? அந்த ஊர்ப் பேச்சு பேசுற, எனக்குக் குரலே தெரியல? ... எவ்வளவு நேரமா தெரியும்? ... முதல் ஹலோவுலயேவா? ... அப்புறம் எதுக்குடா தாத்தா வரைக்கும் விசாரிச்ச? ... நான் பூசணின்னு சொன்னா நீ விட்டுர வேண்டியதுதானே."

பெட்டி ஆடியது. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார். போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். விரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆனால் பதினான்கு வருஷத்தில் எர்வினின் குரலைக் கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் சிரிப்போடு.

"ஆமா. எனக்குத்தான். ... சிநேகிதர் எல்லாம் ஒண்ணும் கிடையாது. ... இடது முழங்கை. மூணு டாக்டர் பாத்தாச்சு. இனிமே அந்தக் கையை ஊணிப் படுக்கக் கூடாதாம். ... எவ்வளவு மோசம்னா, போன மாசம் என் குண்டு போய்க் கிளேரியோட குறிப்பலகையில விழுந்துது. முந்நூறு மீட்டர்ல பக்கத்துப் பலகை. எனக்கு முட்டை. அவளுக்கு ஒரு பத்து. ... சிரி, சிரி. அவளும் சிரிச்சா. நன்றின்னு வேற சொன்னா."

அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார். நாற்பத்தொரு வருஷமாக ஒரு கடைசிச் சுடுதலையும் விட்டதில்லை, மகள் பிறந்த அன்றைக்குக்கூடச் சுட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்தச் சனிக்கிழமை படுக்க முடியாவிட்டால் இனி எப்போதும் படுக்கப் போவதில்லை. கூடத்துக்குப் பின்னால் நின்று சாசேஜ் வாட்டுகிறவர்களின் வரிசையில் அவரும் சேர வேண்டியதுதான். துப்பாக்கி இல்லாமல் அந்த ஆட்களோடு என்ன பேசுவது என்றே அவருக்குத் தெரியாது.

"இல்ல, மர நிறம் வேணாம். ஒளிச்சு வச்சு சுட மாட்டேன். நானே கொண்டு வந்த விதியை நானே மீறுறதா? ... எனக்கு அந்த மணி வேணும், எர்வின். அதைக் கட்டிக்கிட்டுத்தான் சுடணும். ... ஆமா, எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். உன்னைப் பாத்து நான் சிரிச்சேன்ல. ... என்ன? ... கேக்கல. ... அதை ஏன்டா போன்ல சொல்லணும்? ... சரி."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் செஞ்சது தப்பு. ... கேக்கலையா? ... நான் செஞ்சது தப்புன்னு சொன்னேன். ... சிக்னல் ஒரு கோடுதான்டா இருக்கு. ... இன்னும் சத்தமாவா?"

நோல்டி பெட்டியின் மேல் குதிகாலை உயர்த்தி, குழாய்க்குள் வாயை வைத்து, மலைச் சரிவில் ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"எர்வின், நான் செஞ்சது பெரிய தப்பு. உன் முதுகு உடைஞ்சு கிடந்தப்போ உனக்கு மணி கட்டுனேன். மூணு பேருதான் எதிரா கை தூக்குனாங்க. நீ, பாதிரியார், அப்புறம் என் பொண்டாட்டி. அவ ரெண்டு வாரம் என்கூடப் பேசல. அவ செஞ்சதுதான் சரி. நீ போனதுக்கு அப்புறம் எனக்குப் பக்கத்துல படுத்துச் சுட ஆளே இல்ல. உன் இடத்துல கிளேரியைப் போட்டாங்க. அவ சுடுறப்போ பாட்டு முணுமுணுக்குறா."

குழாய்க்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

போனிலிருந்து வரவில்லை. குழாயிலிருந்துதான் வந்தது. அதைத் தொடர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதோடு கொஞ்சம் ஈரமண் உதிர்ந்து அவர் மூக்கில் விழுந்தது. நோல்டிக்கு அப்போதுதான், முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழாய்க்கு வெளியே தன் கையாலேயே மூடி மாட்டியது நினைவுக்கு வந்தது. மாட்டிய இடமும் நினைவுக்கு வந்தது.

"ஒரு நிமிஷம், எர்வின். ... த்ரூடி? யாரு அங்க? ... கிளேரியும் இருக்காளா? எப்போ இருந்து? ... பூசணியில இருந்தேவா? ... எர்வின், கேட்டியா, ரெண்டு பேரும் முதல்ல இருந்து மேல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. கேரட் பாத்தியில. ... ஆமா, தொப்பையும் கேட்டிருப்பாங்க. ... கிளேரி, நீ பாடுறது நல்லாத்தான் இருக்கு. நோட்டுல எழுதிராத."

இனி ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் நோல்டிக்கு உடம்பே லேசாகிவிட்டது. லேசானதும் அழுகை வந்தது. அவர் அழுது த்ரூடிகூடப் பார்த்ததில்லை. உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் நின்று, மூக்கில் மண்ணோடு, பூசணி ஜாடியைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

"இல்லடா, தூசி. ... பதுங்கறை தூசி. ... நீ தபால்ல அனுப்பாத. பைபாடையும் அனுப்பாத, மணியையும் அனுப்பாத. ... நீயே கொண்டு வா. சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு. உன் துப்பாக்கியையும் எடுத்துட்டு வா. ... மணியா? மணி ஒண்ணுதான் இருக்கு, ஆமா. ... மாத்தி மாத்திக் கட்டிக்குவோம். நீ ஒரு குண்டு, நான் ஒரு குண்டு. விதியில அப்படிச் செய்யக் கூடாதுன்னு இல்ல. நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா? ... பிப்ரவரியில விதியை எடுத்துரலாம். நான் எழுந்து நிக்கிறேன், நீ முதல்ல கை தூக்கு. ... எர்வின்? ... வருவியா? ... ... ஹலோ? ... விட்டு விட்டுக் கேக்குது. வருவியா, மாட்டியா, அதை மட்டும் சொல்லு."

கோடு ஒன்று மங்கி மங்கி எரிந்தது. நோல்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிறு இருபத்திரண்டுக்கு வந்தது.

போனில் குரல் எதுவும் வரவில்லை. மணிச் சத்தம் வந்தது. கடைக்கு யாராவது வந்திருந்தால் ஒரு தடவை அடித்து ஓய்ந்திருக்கும். இது ஓயவில்லை. கதவிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து ஆட்டுகிற மாதிரி லொடக் லொடக் லொடக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே த்ரூடி, கட்டின புருஷன் அழுவதைக் கிளேரி கேட்க வேண்டாம் என்று, கேரட்டைக் கொட்டிவிட்டுத் தகர வாளியைக் குழாயின் மேல் கவிழ்த்தாள். இருந்த ஒரு சிக்னல் கோடும் போய்விட்டது.

"ஹலோ? ... ஹலோ? ... எர்வின், ஆணி வேணாம்டா. ரப்பர் பாதமே கொண்டு வா. நம்ம பலகைத் தரைதான்."